ஒரு ஆஸ்டினும் நான்கு பங்காளிகளும்: பழைய காரை என்ன செய்வது?

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் 1953-ஆம் வருட ஆஸ்டின் ஏ40 சாமர்செட் ஒன்று நிற்கிறது. ஐயா, அதாவது தாத்தா, வாங்கியது. ஐயாவுக்கு அப்புறம் அப்பச்சி, எங்கள் அப்பா, ஓட்டினார். அப்பச்சிக்கு அப்புறம் யாரும் ஒழுங்காக ஓட்டவில்லை. வீடு நான்கு புள்ளிக்கு, அதாவது நான்கு குடும்பத்துக்குச் சொந்தம் என்பதால் காரும் நான்கு புள்ளிக்குச் சொந்தம். இந்த வருடம் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு எல்லாரும் காரைக்குடிக்கு வந்திருந்தபோது, பந்தி முடிந்து நடு முற்றமான வளவில் உட்கார்ந்ததும் பேச்சு காரின் மேல் வந்து நின்றது.

விற்றுவிடலாம் என்றார் பெரிய அண்ணன். என்ஜினை மாற்றி ஏசி போட்டால் சென்னை வரைக்கும் ஓட்டலாம் என்றார் சிங்கப்பூர் அண்ணன். சென்னைத் தம்பிக்கு, பழமையான கார்களுக்குத் தரும் விண்டேஜ் நம்பர் வாங்கி, அந்தக் கார்கள் அணிவகுக்கும் ராலியில் கலந்துகொள்ள ஆசை. முகப்பில் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் பார்க்க லட்சணமாக இருக்குமே என்றது ஆத்தா. நான் ஊரோடு இருப்பவன், ஷெட் சாவி என்னிடம்தான். யார் என்ன முடிவு எடுத்தாலும் வேலை என் தலையில்தான் விழும் என்பதால், ஒரு மாதம் டைம் கேட்டு ஒவ்வொன்றையும் விசாரித்தேன். இதேபோல் ஒரு கார் வீட்டில் நிற்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம். இது கப்பலில் முழுசாக வந்து இறங்கிய கார் இல்லை. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், சென்னை எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி விற்றது. பிறகு 1955-இல் அசோக் லேலண்ட் ஆனதும் அதே கம்பெனிதான். லாரியும் பஸ்ஸும் செய்யும் முன்னால் அவர்கள் செய்தது இந்தக் குட்டைக் காரை. 1200 சிசி என்ஜின், 42 குதிரைத் திறன், ஸ்டியரிங்கோடு ஒட்டிய கியர். மூச்சைப் பிடித்து மிதித்தால் மணிக்கு 110 கிலோமீட்டர் என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். அறுபதுக்கு மேல் நான் போனதில்லை, போகப் போவதும் இல்லை.

எண்ணூரில் பூட்டியதா, வெளிநாட்டிலிருந்து முழுசாக வந்ததா என்பது வெறும் பெருமைப் பேச்சு இல்லை. காசு விஷயம். அதைப் பிறகு சொல்கிறேன்.

விற்பதை முதலில் முடித்துவிடலாம். முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நடை போய் வந்தவர்களுக்குத் தெரியும், நம் ஊர் வீடுகளின் தூணும் கதவும் பீங்கான் ஜாடியும் எனாமல் தூக்குச் சட்டியும் எப்படிக் குவிந்து கிடக்கின்றன என்று. அவையெல்லாம் ஒரு காலத்தில் நான்கு பங்காளி உட்கார்ந்து பேசி ‘கொடுத்துவிடலாம்’ என்று சொன்ன பொருள்கள்தான். கார் ஓடும் நிலையில் இருந்தால் ஒரு விலை, ஓடாமல் நின்றால் வேறு விலை. ஆர்.சி. சரியாக இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அதனால் விற்பதாக இருந்தாலும் முதலில் காகிதத்தைச் சரி செய்ய வேண்டும், பிரேக்கைச் சரி செய்ய வேண்டும். அவ்வளவும் செய்த பிறகு விற்க யாருக்கு மனசு வரும்? பெரிய அண்ணனிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். ‘நஷ்டக் கணக்கு எழுதியே பழக்கப்பட்டவன்டா நீ’ என்றார்.

ஆத்தா சொன்ன முகப்பு யோசனை கேட்க அழகானது. ஹோட்டலாக மாறிய சில பெரிய வீடுகளில் அப்படிக் கார் நிறுத்தியிருக்கிறார்கள், வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கோயம்புத்தூரில் ஜிடி கார் மியூசியத்தைப் பார்த்தவர்களுக்கு, நிற்கும் காருக்கும் ஒரு மரியாதை உண்டு என்று தோன்றும். ஆனால் மியூசியத்தில் அதைப் பார்த்துக்கொள்ளவே ஆள் இருக்கிறார்கள். நம் வீட்டில் நின்றால் என்ன ஆகும்? டேங்கில் கிடக்கும் பெட்ரோல் பிசினாகும். பிரேக் சிலிண்டருக்குள் துரு ஏறும். டயர் ஒரே இடத்தில் அழுந்திச் சப்பையாகும். எலி ஒயரைக் கடிக்கும், அதுவும் சீட்டுக்கு அடியில் தென்னை நார் இருந்தால் குடும்பமே நடத்தும். மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் போதும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது கெடுதல். என்ஜின் முழுசாகச் சூடாகாமல் நின்றால் ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கிவிடும். ஓட்டினால் பத்து கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும். இல்லையென்றால் பெட்ரோலை வடித்து, ஸ்டாண்டு கொடுத்துத் தூக்கி, பேட்டரியைக் கழற்றி, மூடி வைத்துவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற கார்தான் சீக்கிரம் சாகிறது. எங்கள் கார் அப்படித்தான் பத்து வருடம் நின்றது.

சிங்கப்பூர் அண்ணன் யோசனைக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் அதிக நேரம் செலவழித்தேன், ஏனென்றால் கேட்பவர்கள் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். நம் பக்கத்து மெக்கானிக்குகளுக்கும் இது கைவந்த வேலை. அம்பாசடர் என்ஜின் ஏ40-க்குள் அளவெடுத்தது மாதிரி உட்காரும் என்றார் மேஸ்திரி. அதில் ஆச்சரியம் இல்லை. அம்பாசடரில் வந்த 1489 சிசி பி.எம்.சி. (ஆஸ்டினும் மோரிஸும் சேர்ந்து ஆன கம்பெனி) என்ஜின், ஏ40-இன் 1200 சிசி என்ஜினிலிருந்து வளர்த்தெடுத்ததுதான். இரண்டும் ஒரே வளவுப் பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்பாசடர் 2014-இல் நின்றுபோனாலும் பொருள் இன்றும் கிடைக்கிறது.

ஆனால் வேகம் கூட்டிய பிறகு நிறுத்த வேண்டுமே? நாற்பதில் போகும் காரை நிறுத்தும்போது பிரேக் டிரம்மில் ஏறும் சூட்டைப் போல, எண்பதில் போவதை நிறுத்தும்போது நான்கு மடங்கு ஏறும். டிரம்மும் அதை உரசி நிறுத்தும் லைனிங்கும் சஸ்பென்ஷனும் 42 குதிரைக்கு அளவெடுத்துச் செய்தவை. என்ஜினை மட்டும் மாற்றினால் மாட்டு வண்டிக்குக் குதிரை பூட்டிய கதை. சரி, டிஸ்க் பிரேக், ரேடியல் டயர், வேறு ஆக்ஸில் என்று போனால் கடைசியில் ஆஸ்டினில் மிஞ்சுவது தகரமும் பானட் மேல் இருக்கும் சின்னமும்தான்.

சட்டத்திலும் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இதையெல்லாம் தாண்டி என்ஜினை மாற்றினால் தம்பி ஆசைப்படும் விண்டேஜ் நம்பருக்கான தகுதி போய்விடும். அந்த நம்பருக்கான விதி சேசிஸ், பாடி, என்ஜின் மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறது. பேட்டரி காராக மாற்றலாமா என்று மருமகன் கேட்டான். அதிலும் விண்டேஜ் தகுதி போய்விடும்.

தம்பியின் வி.ஏ. நம்பர். ‘வி.ஏ. நம்பர் வாங்கணும்’ என்று அவன் சொன்னதும், ‘அதுக்கு எதுக்கு வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போகணும்?’ என்றது ஆத்தா. விண்டேஜ் என்பதன் சுருக்கம் அது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதி. முதல் பதிவு முடிந்து 50 வருடம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான வண்டி, அசல் உருவம் மாறாமல் இருந்தால், மாநில எழுத்துக்கு அடுத்து வி.ஏ. என்று வரும் தனி நம்பர் தருவார்கள். ஏற்கெனவே பதிவான வண்டியாக இருந்தால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. எங்களுக்கு அது முக்கியம். தமிழ்நாடு என்று மாநிலம் பெயர் மாறும் முன்னால் கொடுத்த நம்பர் எங்களுடையது. கட்டணம் புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பம், இன்சூரன்ஸ், பழைய ஆர்.சி. புக், அப்புறம் ஒரு குழு வந்து பார்க்கும்.

காகிதத்தில் பார்த்தால் இதுதான் மலிவு, இதுதான் கௌரவம். ஆனால் விதியின் அடுத்த பத்தியைத் தம்பி படிக்கவில்லை. அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ இந்த வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, ராலி, அவற்றுக்குப் போய்வருவது, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க, இவ்வளவுதான் அனுமதி. நாங்கள் காரை எதற்கு எடுக்கிறோம்? பிள்ளையார்பட்டிக்கு, கானாடுகாத்தானில் மாப்பிள்ளை அழைப்புக்கு, பள்ளத்தூரில் ஒரு அறுபதாம் கல்யாணச் சாந்திக்கு. இதில் எது கண்காட்சி, எது ஆராய்ச்சி? மாப்பிள்ளை அழைப்பு ஒரு வகையில் கண்காட்சிதான் என்று தம்பி வாதாடிப் பார்த்தான். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொள்ள வேண்டுமே.

இதற்கு எதிர்ப்பக்கம், சாதாரண ஆர்.சி.யையே ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டு போவது. டெல்லியில் 15 வருடப் பெட்ரோல் காருக்குத் தடை என்ற செய்தியைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தடை தலைநகர்ப் பகுதிக்கானது. தமிழ்நாட்டில் வண்டி தகுதியாக இருந்தால் புதுப்பிக்கலாம், பசுமை வரி கட்ட வேண்டும். 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். இறக்குமதிக் காருக்கு அதுவே 80,000. எண்ணூர் கதையை முன்னாலேயே சொன்னது இதற்காகத்தான். உங்கள் ஆர்.சி. புக்கில் இறக்குமதி என்று எழுதியிருக்கிறதா, இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து வருடத்துக்கு வைத்துப் பார்த்தால் வி.ஏ. 20,000, சாதாரண வழியும் இரண்டு தடவைக்கு 20,000, மேலே பசுமை வரி. காசில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம், ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரிடமும் கேட்காமல் காரை எடுக்கலாமா என்பதில் இருக்கிறது. ராலிதான் ஆசை என்றால் வி.ஏ. வாங்குங்கள். வீட்டுக் காராக இருக்க வேண்டும் என்றால் சாதாரண ஆர்.சி.யே போதும். என் ஓட்டு இரண்டாவதுக்கு.

ஆனால் காகிதம் சாலையில் காரை நிறுத்தாது. போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பட்டறையில் முன் சக்கரப் பிரேக் இரண்டையும் புதுசாகச் செய்தார்கள். ‘பின்னாடி நல்லாத்தான் இருக்கு, தொட வேண்டாம்’ என்றார்கள். நானும் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டேன். பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து காரை நகர்த்தியபோதே பெடல் ஒரு விரல் அளவு கூடுதலாக இறங்கியது. கவனித்தேன், கண்டுகொள்ளவில்லை. குன்றக்குடி தாண்டி ஒரு வளைவு. ஆட்டுக்காரர் ஒருவர் பட்டி முழுவதையும் ரோட்டில் இறக்கிவிட்டார். மிதித்தேன். பெடல் தரையைத் தொட்டது. திரும்ப மிதித்தேன், அதே தரை. செகண்ட் கியருக்கு இறக்கி ஹேண்ட் பிரேக்கை இழுத்ததும் கார் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. முன்னால் ஒரு கிடாய் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஜாக்கி போட்டுப் பின் சக்கரத்தைக் கழற்றினால் கதை முழுவதும் டிரம்முக்குள் இருந்தது. சக்கரத்துக்குள் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரில், இடது பக்க ரப்பர் நின்று நின்றே காய்ந்து வெடித்திருந்தது. ஆயில் முழுவதும் லைனிங்கில் ஊறி, விரல் வைத்தால் வழுக்கியது. அதனால்தான் ஹேண்ட் பிரேக் வலது சக்கரத்தில் மட்டும் பிடித்திருக்கிறது. இப்போதைய கார்களில் பிரேக் இரண்டு தனித்தனி வழியாகப் போகும், ஒன்று போனாலும் இன்னொன்று பாதியாவது பிடிக்கும். ஆஸ்டின் வந்த காலத்துக் கார்களில் ஒரே வழிதான். நான்கு சக்கரத்தில் எங்கே ஒரு ரப்பர் கிழிந்தாலும் நான்கும் போச்சு. முன்னால் மட்டும் செய்வது, பின்னால் மட்டும் செய்வது என்ற பேச்சே கூடாது.

ஆகவே என் கணக்கில் செலவு வரிசை இப்படி. முதலில் பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், எல்லா வீல் சிலிண்டரும், எல்லா ஹோஸும், ஸ்டீல் பைப்பும் ஒரே நேரத்தில். சிலிண்டர் உள்ளே பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டுவிடலாம், திரும்பத் துரு வராது. முடிந்தால் டேண்டம் (இரட்டை) மாஸ்டர் சிலிண்டர் வைத்து முன்னுக்கும் பின்னுக்கும் வழியைப் பிரித்துவிடுவது. இது அசலைக் கெடுக்காதா என்று தம்பி கேட்டான். சேசிஸையும் தொடவில்லை, பாடியையும் தொடவில்லை, என்ஜினையும் தொடவில்லை. பழையதைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம். பிரேக் ஆயிலை வருடம் அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அப்புறம் ஒன்று: பழைய லைனிங்கில் கல்நார் எனும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஏர் அடித்து ஊதவிடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது டயர். பட்டன் தேயவில்லையே என்று பார்ப்பதில் பயன் இல்லை. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். அப்படி எதுவுமே இல்லாத டயர் காரில் இருந்தால், அதற்கு உங்கள் பிள்ளையை விட வயது அதிகம்.

விளக்கு. பின்னால் வருகிறவனுக்கு நம்மைத் தெரிய வேண்டும் என்பதுதான் இன்றைய ரோட்டில் பெரிய பிரச்சினை. திருச்சி ரோட்டில் நூறில் வருகிறவனுக்கு ஐம்பதில் போகும் கார் நின்றுகொண்டிருக்கும் காருக்குச் சமம். ஏ40-இன் பின் விளக்கு நகம் அளவு. திரும்புவதற்குக் கதவுத் தூணிலிருந்து ஒரு கை நீளும், அதை இன்று யாரும் சிக்னல் என்று நினைப்பதில்லை, ஏதோ உடைந்து தொங்குகிறது என்று ஹாரன் அடித்துக் காட்டுகிறார்கள். எல்.இ.டி. பல்பு போட்டு, தனியாக மினுக்கும் இண்டிகேட்டர் மாட்டுவது அவசியம். ஆனால் கவனம்: இந்தக் காரில் பேட்டரியின் பிளஸ் பக்கம்தான் பாடியில் எர்த். இப்போதைய காருக்கு நேர் எதிர். பழக்க தோஷத்தில் விளக்கின் மைனஸை எர்த்தில் கொடுத்தாலும், சாதாரண எல்.இ.டி.யை வாங்கி மாட்டினாலும் வேலை செய்யாது. செல்போன் சார்ஜர் புகையே விடும்.

பெட்ரோல் விஷயத்தில் பயமுறுத்தல் அதிகம், ஆனால் பாதி உண்மை. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. பழைய வால்வு சீட்டுக்கு அந்த ஈயம் ஒரு மெத்தை மாதிரி. மெதுவாக, குறைந்த தூரம் ஓட்டுகிறவர்களுக்கு உடனே பாதிப்பு இல்லை. என்ஜின் ஹெட்டைப் பிரிக்கும்போது கடின சீட்டு போட்டுவிட்டால் முடிந்தது. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் வேறு ரகம். பழைய ரப்பர் ஹோஸை ஊறவைக்கும், ஈரத்தை இழுத்து டேங்கைத் துருவாக்கும். சில பழைய கார்களின் டேங்க் மிதவை கார்க்கில் செய்து அரக்கு பூசியது. நம் வீட்டுக் கதவுக்குப் பாலிஷ் போடுகிறவர் அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில். அதே குடும்பத்துச் சரக்குதான் டேங்கில் போகிறது. எத்தனால் தாங்கும் ஹோஸ் மாற்றுங்கள், கார்புரேட்டர் ஜெட்டைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லுங்கள், ஓட்டாத மாதங்களில் டேங்கில் பெட்ரோலைத் தேக்காதீர்கள்.

ரேடியேட்டருக்கு அப்பச்சி போர் தண்ணீர் ஊற்ற விடமாட்டார். வளவில் விழும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து, வேட்டித் துணியில் வடிகட்டி, காருக்கு என்று ஒரு பித்தளைக் குடத்தில் வைத்திருப்பார். நாங்கள் சிரிப்போம். உப்புத் தண்ணீர் ஊற்றிய பக்கத்து வீட்டு அம்பாசடர் ரேடியேட்டரை மேஸ்திரி பிரித்துக் காட்டியபோதுதான் அருமை தெரிந்தது. உள்ளே இட்லிப் பானையின் அடி மாதிரி வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. இப்போது டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் ஊற்றுகிறோம்.

எவ்வளவு செய்தாலும் சில விஷயங்கள் மாறாது. ஸ்டியரிங் தண்டு ஒரே இரும்பு, மோதினால் மடங்காமல் நெஞ்சுக்கு வரும். டேஷ்போர்டு தகரம். பெல்ட் மாட்டலாம், ஆனால் மெல்லிய தகரத்தில் போல்ட் போட்டால் அது பேருக்குத்தான், அடியில் கெட்டிப் பட்டை வைத்துப் பிடிக்க வேண்டும். இதனால்தான் சென்னை வரைக்கும் நானூறு கிலோமீட்டர் ஓட்டும் யோசனையை நான் ஒரேயடியாக மறுத்தேன். ராலிக்குப் போக வேண்டுமா, லாரியில் ஏற்றி அனுப்பலாம். அதில் என்ன வெட்கம்?

போன வாரம் நான்கு பேரும் போனில் பேசி முடித்தோம். அசல் என்ஜின், சாதாரண ஆர்.சி., பிரேக் முழுவதும் புதுசு. செலவு நான்கு பங்கு, பெரிய அண்ணன் பங்கை முதலில் அனுப்பியது எனக்கே ஆச்சரியம். காரைக்குடியிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று உள்ரோட்டில் 25 கிலோமீட்டருக்குள். பைபாஸ் ஏறக் கூடாது. விளக்கு வைத்த பிறகு எடுக்கக் கூடாது. முன் சீட்டில் குழந்தை கூடாது. வாடகைக்குக் கேட்டால் யாராக இருந்தாலும் இல்லை. எடுப்பதற்கு முன் பெடலை மூன்று தடவை மிதித்துப் பார்ப்பது, சக்கரத்துக்கு உள்பக்கம் ஆயில் வழிந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது. சாவி இந்த வருடம் என் முறை, அடுத்த வருடம் தம்பி முறை.

பிரேக் சிலிண்டர்கள் எல்லாம் இப்போது லேத் பட்டறையில் இருக்கின்றன. கார் ஷெட்டில் ஸ்டாண்டு மேல் நிற்கிறது. தை மாதம் பள்ளத்தூரில் ஒரு கல்யாணம் இருக்கிறது. கார் கிடைக்குமா என்று பெண் வீட்டார் இப்போதே கேட்டுவிட்டார்கள், பிரேக் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.